மரத்திரை வாங்கப் போறீங்களா? மூச்சையும் தூக்கத்தையும் ஒரு வார்த்தை கேளுங்க!

கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு இப்போதெல்லாம் எல்லோரும் முதலில் கூப்பிடுவது யாரைத் தெரியுமா? ஜன்னலுக்கு அளவெடுக்கிற ஆளை! ஒரு காலத்தில் பழைய வாயில் புடவையை இரண்டாகக் கிழித்து, ஸ்பிரிங் கம்பியில் கோத்து மாட்டினால் திரை வேலை முடிந்தது. இன்றைக்கு, 'நிஜ மரத்தில் பிளைண்ட் போடலாமா, மரம் மாதிரியே இருக்கிற பி.வி.சி.யில் போடலாமா?' என்று வீட்டுக்குள் பட்டிமன்றமே நடக்கிறது.

"அதுக்கும் சித்த வைத்தியருக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஜன்னல்தான் மூக்கு, ஜன்னல்தான் கண். மூக்கிலும் கண்ணிலும் மாட்டப்போகிற ஒரு பொருளை, சோபா கலருக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கலாமா?

நாள்பட்ட தும்மல், இரைப்பு, காலையில் எழுந்தால் தலைபாரம், ராத்திரி தூக்கமில்லை என்று வருகிறவர்களிடம் நாடி பார்த்து முடித்ததும் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "படுக்கிற ரூம் ஜன்னல்ல என்ன மாட்டியிருக்கீங்க? கடைசியா எப்போ துடைச்சீங்க?" பாதிப் பேர் முதல் கேள்விக்குப் பெருமையாகப் பதில் சொல்வார்கள். இரண்டாவது கேள்விக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஆகவே முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் திறப்பதற்கும், வாரம் ஒரு முறை துடைப்பதற்கும் உங்கள் வீட்டில் ஆள் இருந்தால், மர பிளைண்ட் அருமையான பொருள். இல்லையென்றால், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் அது ஜன்னலில் மாட்டிய தூசு அலமாரிதான்!

இனி விவரமாகப் பார்ப்போம்.

நிஜ மரமா, போலி மரமா?

மரப்பட்டைகள் வைத்த ஜன்னல் நமக்குப் புதிதல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் காலத்து வீடுகளில் இன்றும் பார்க்கலாம்: சாய்வான மரப்பட்டைகள் அடுக்கிய ஜன்னல் கதவுகள். வெயில் உள்ளே வராது, காற்று வரும். இப்போது கடையில் விற்கிற பிளைண்டும் அதே தத்துவம்தான். பட்டையைத் திருப்பிக்கொள்ளலாம், மொத்தமாக மேலே தூக்கியும் விடலாம் என்பது கூடுதல் வசதி.

நிஜ மர பிளைண்டில் எடை குறைவான மரத்தைப் பட்டையாக அறுத்து, வார்னிஷோ பெயின்ட்டோ பூசியிருப்பார்கள். தூக்குவதற்கு லேசு. பார்ப்பதற்கு இயற்கை. ஆனால் ஈரம் ஆகாது. தொடர்ந்து ஈரம் பட்டால் பட்டை முறுக்கிக்கொள்ளும், பூசணம் பூக்கும்.

போலி மரம் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக், அல்லது பிளாஸ்டிக்கோடு மரத்தூள் கலந்த கலவை. தண்ணீருக்குப் பயமில்லை. சோப்புப் போட்டுக் கழுவலாம். ஆனால் அதே அளவு நிஜ மரத்தைவிட எடை அதிகம். கடுமையான மேற்கு வெயிலில் வருஷக்கணக்கில் கிடந்தால் சில ரகங்கள் மஞ்சளாகும். பட்டை நடுவில் தொய்ந்து வளையும்.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டையில் கயிறு நுழைகிற துளையையும், பட்டையின் அறுத்த ஓரத்தையும் உற்றுப் பாருங்கள். நிஜ மரமென்றால் அங்கே மரத்தின் நார் தெரியும். போலியென்றால் உள்ளே ஒரே வழவழப்பாக, ஒரே நிறமாக இருக்கும். நாலைந்து பட்டைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ரேகை அச்சடித்த மாதிரி திரும்பத் திரும்ப வந்தால், அது அச்சடித்ததேதான்!

போலி என்பதால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். சில அறைகளுக்கு அதுதான் சரி. இன்னொரு விஷயம்: அகலமான ஜன்னலுக்கு ஒரே துண்டாக பி.வி.சி. பிளைண்ட் போட்டால் அதைத் தினமும் தூக்குவதற்குத் தோளில் வலு வேண்டும். சித்த மருத்துவத்தில் கும்பவாதம் என்று சொல்கிற தோள்பட்டை இறுக்கம் உள்ளவர்கள், கையைத் தூக்கவே சிரமப்படுகிற சர்க்கரை நோயாளிகள் இருக்கிற வீட்டில் அது ஒரு வாரத்துக்கு மேல் திறக்கப்படாது. இரண்டு துண்டாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

எந்த அறைக்கு எது?

படுக்கையறை, ஹால், படிக்கும் அறை: ஈரம் படாத ஜன்னல் என்றால் நிஜ மரம் தாராளமாகப் போடலாம். சாரல் அடிக்கிற ஜன்னல் என்றால் வேண்டாம்.

சமையலறை: இங்கே நிஜ மரம் கூடவே கூடாது. தாளிப்பு எண்ணெய்ப் புகை பட்டையில் படிந்து, அதன் மேல் தூசு ஒட்டி, கோந்து மாதிரி ஆகிவிடும். கழுவக்கூடிய போலி மரமோ அலுமினியமோ போடுங்கள். அதுவும் அடுப்புக்கு நேர் பக்கத்தில் வேண்டாம். பூஜை விளக்குக்குப் பக்கத்திலும் வேண்டாம். பி.வி.சி. தீப்பிடித்தால் மூச்சுக்குழலைப் புண்ணாக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும்.

குளியலறை: போலி மரம் மட்டும்தான்.

அடுத்தது திசை. மேற்கு ஜன்னல்தான் நம் ஊரில் பெரிய எதிரி. மத்தியானம் 2 மணிக்கு மேல் அடிக்கிற வெயில் சுவரைச் சூடாக்கி ராத்திரி வரை அனலடிக்கும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலை உள்பக்கம் மாட்டிய பிளைண்ட் ஓரளவுக்குத்தான் தடுக்கும். வெயில் கண்ணாடியில் படுவதற்கு முன்பே தடுப்பதுதான் நல்ல வழி. அதற்கு நம் தாத்தா காலத்து மூங்கில் தட்டியை பால்கனியில், வெளிப்பக்கமாகத் தொங்கவிடுங்கள். உள்பக்கம் பிளைண்ட் இருந்துவிட்டுப் போகட்டும். அதிலும் வெளிர் நிறமாகப் பாருங்கள். நன்றாக ஒளியைத் திருப்பி அனுப்புகிற நிறத்தில் உள்ள பிளைண்டை முழுக்க இறக்கி மூடினால், வெயில் படும் ஜன்னல் வழியே வரும் வெப்பத்தில் சுமார் 45 சதவிகிதம் குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. கறுப்புக் காப்பிக்கொட்டை நிறம் கடையில் பார்க்க ஜோராகத்தான் இருக்கும். வைகாசி மாத வெயிலில் அது சூடேறி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடும்.

வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று சிலர் சொல்வார்கள். சென்னையில் ஏப்ரல் கடைசியில் இருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஆகவே அந்த ஜன்னலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கு ஜன்னலை மட்டும் அடைத்துவிடாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அளவெடுக்கும்போது...

ஜன்னல் சட்டத்துக்கு உள்ளே மாட்டுவதானால் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து, எது குறைவோ அதை எடுக்கச் சொல்லுங்கள். நம் வீட்டுச் சுவர்கள் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை. வெளியே சுவரில் மாட்டுவதானால் இரண்டு பக்கமும் 5 செ.மீ. வீதம் கூடுதலாக இருக்கட்டும்.

அதைவிட முக்கியம்: பிளைண்ட் மாட்டிய பிறகும் ஜன்னல் கதவு முழுசாகத் திறக்க வேண்டும், கொசுவலையைக் கழற்றிக் கழுவ முடிய வேண்டும். உள்பக்கமாகத் திறக்கும் கதவு என்றால் பிளைண்ட் இடிக்கும். இடித்தால் என்ன நடக்கும்? கதவைத் திறப்பதையே விட்டுவிடுவோம். காற்று வராத படுக்கையறையில் ஒருவர் இருமினால் அந்தக் கிருமியை வீட்டில் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

பட்டை அகலம் 25 மி.மீ., 50 மி.மீ. என்று வரும். 4 அடி உயர ஜன்னலுக்கு 50 மி.மீ. என்றால் ஏறத்தாழ 28 பட்டைகள். 25 மி.மீ. என்றால் அதைப்போல இரு மடங்கு. துடைக்கப்போவது யார் என்று யோசித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்! கயிற்றுத் துளையை மறைக்க அழகான துணி நாடா வைத்த ரகமும் உண்டு. தூசு ஒவ்வாமை உள்ள வீட்டுக்கு அந்த நாடா வேண்டாம். பட்டையைத் துடைக்கலாம், நாடாவைத் துடைக்க முடியாது.

கைக்குழந்தை இருக்கிற வீடா? இரண்டு ஆபத்துகள்!

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

முதலாவது, கயிறு. பிளைண்டை ஏற்றி இறக்கும் கயிறு வளையமாகத் தொங்கினால், கட்டிலில் ஏறி நின்று விளையாடும் குழந்தையின் கழுத்தில் அது மாட்டிக்கொள்ளலாம். கழுத்து இறுகினால் குழந்தையால் கத்தக்கூட முடியாது. ஒரு நிமிஷத்துக்குள் உயிர் போகலாம். பக்கத்து அறையில் இருக்கிற உங்களுக்குச் சத்தமே கேட்காது. இப்படிப் பல மரணங்கள் நடந்த பிறகுதான் அமெரிக்காவில், கடையில் தயாராக வைத்து விற்கும் பிளைண்டுகளில் கயிறே இருக்கக் கூடாது, இருந்தால் குழந்தைக்கு எட்டக் கூடாது என்ற தர விதி 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே கடையில் கயிறில்லாத ரகம் கேளுங்கள். கீழ்க் கட்டையைக் கையால் பிடித்துத் தூக்கினால் ஏறும், இழுத்தால் இறங்கும். ஏற்கெனவே கயிறு வைத்தது இருக்கிறதா? சுவரில் 5 அடிக்கு மேல் ஒரு கொக்கி அடித்து, ஒவ்வொரு தடவையும் கயிற்றைச் சுற்றி வையுங்கள். தொட்டில், கட்டில், சோபா, நாற்காலி எதுவும் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

இரண்டாவது, ஈயம். 1996-ல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், வெளிநாடுகளில் இருந்து அங்கே இறக்குமதியான மெல்லிய வினைல் பிளைண்டுகளில் ஈயம் இருப்பதைக் கண்டுபிடித்தது. பிளாஸ்டிக் உறுதியாக இருப்பதற்காகச் சேர்த்த ஈயம்! வெயிலும் சூடும் பட்டு அந்தப் பிளாஸ்டிக் சிதையும்போது மேலே ஈயத் தூசு படிகிறது. குழந்தை பட்டையைத் தொட்டுவிட்டு விரலை வாயில் வைத்தால் போதும். துடைத்தாலும் வெயில் மறுபடி தூசைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். அதனால் 6 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் இருக்கும் வீடுகளில் அவற்றைக் கழற்றிவிடச் சொல்லிவிட்டார்கள். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் விஷயத்தில், இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

எல்லா பி.வி.சி. பிளைண்டிலும் ஈயம் இருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. ஈயம் சேர்க்காமலே செய்கிற ரகங்கள் கிடைக்கின்றன. பெட்டியில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெயரே இல்லாத மலிவுச் சரக்கு, வெயிலில் காய்ந்து மாவு மாதிரி உதிர்கிற பழைய பிளைண்ட் இரண்டும் குழந்தை இருக்கிற அறைக்கு வேண்டாம்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு இழுக்குது டாக்டர்!"

எட்டு வயசுப் பையன். அம்மா வங்கியில் வேலை பார்க்கிறவர். "ஸ்கூல்ல நல்லாத்தான் இருக்கான் டாக்டர். ஊருக்குப் போனாலும் ஒண்ணுமில்ல. நம்ம வீட்ல படுத்தா மட்டும் ராத்திரி ரெண்டு மணிக்கு இழுக்க ஆரம்பிக்குது" என்றார்.

ஊருக்குப் போனால் இல்லை, வீட்டில் மட்டும் வருகிறது என்றால், நோயில் பாதி அந்த அறையில் இருக்கிறது என்று அர்த்தம். விசாரித்தேன். கட்டிலின் தலைமாடு ஜன்னலை ஒட்டி. ஜன்னலில் மர பிளைண்ட். "அதெல்லாம் சுத்தமாத்தான் வச்சிருக்கோம். எங்க மாமியார் தினமும் காலையில இறகு பிரஷ்ஷால தட்டிடுவாங்க" என்றார். பையன் எப்போது எழுந்திருப்பான்? "ஏழு மணிக்கு. அத்தை ஆறு மணிக்கே தட்டிடுவாங்களே!"

புரிகிறதா? பாட்டி பாசத்தோடு தட்டுகிற தூசு முழுக்க, தூங்குகிற பேரன் மூக்குக்குத்தான் போகிறது.

தூசு என்றால் வெறும் மண் என்று நினைக்காதீர்கள். நம் உடம்பில் இருந்து உதிர்கிற தோல் செதில், கரப்பான் பூச்சியின் துகள், பூசண வித்து, கண்ணுக்குத் தெரியாத தூசுப்பூச்சியின் கழிவு எல்லாம் அதில் இருக்கிறது. தூசுப்பூச்சி, காற்றில் ஈரப்பதம் 50 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் செழித்து வளரும். நம் கடற்கரை ஊர்களில் அதற்குக் கொண்டாட்டம்தான். மெத்தையிலும் தலையணையிலும் அது குடியிருக்கிறது. அதன் கழிவு தூசோடு பறந்து பிளைண்ட் பட்டையில் வந்து படிகிறது.

நான் சொன்னது மூன்று காரியம். கட்டிலை உள்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். பையன் ஸ்கூலுக்குப் போன பிறகு, ஈரத்துணியால் துடையுங்கள், தட்டவே வேண்டாம். தலையணை உறை, படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் அலசுங்கள். ஆடாதோடை சேர்ந்த மருந்தும் தாளிசாதி சூரணமும் கொடுத்தேன். நுரையீரல் மருத்துவர் கொடுத்திருந்த இன்ஹேலரை நிறுத்தக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னேன். சில வாரங்களில் ராத்திரி இழுப்பு நன்றாகக் குறைந்தது. மருந்துக்கு எவ்வளவு பங்கு, ஈரத்துணிக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் தூசு கொட்டிக்கொண்டே இருக்கிற அறையில் எந்த வைத்தியமும் முழுசாக வேலை செய்யாது. அது நிச்சயம்.

"அப்போ துணித் திரையே மேலா டாக்டர்?" என்று கேட்பீர்கள். துணித் திரையிலும் தூசு சேரும். மடிப்பில் கொசுவும் ஒளியும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, இருட்டான மடிப்புகளில்தான் ஓய்வெடுக்கும். பட்டைத் திரையில் மடிப்பு இல்லை. ஆனால் துணியை மெஷினில் போட்டுத் துவைத்துவிடலாம். ஆகவே வாரா வாரம் துடைக்க முடியாத வீட்டுக்கு, மாதம் ஒரு முறை துவைக்கக்கூடிய மெல்லிய பருத்தித் திரைதான் என் சிபாரிசு.

துடைக்கிற முறை

ஒரு ஜன்னலுக்குக் கால் மணி நேரம் போதும்.

1. இரைப்பு, தும்மல் உள்ளவரை வேறு அறைக்கு அனுப்புங்கள். துடைப்பவர் மூக்கில் மாஸ்க் இருக்கட்டும். ஃபேனை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

2. பிளைண்டை முழுக்க இறக்கி, பட்டைகளை ஒரு பக்கமாகச் சாய்த்து மூடுங்கள்.

3. பழைய பனியன் துணியைத் தண்ணீரில் நனைத்து, ஒட்டப் பிழிந்துகொள்ளுங்கள். நிஜ மரத்துக்குத் துணி ஈரமாகத் தெரிய வேண்டும். தண்ணீர் சொட்டக் கூடாது.

4. மேல் பெட்டியில் தொடங்கிக் கீழ் நோக்கி வாருங்கள். நடுவில் இருந்து ஓரத்துக்குத் துடையுங்கள். இரண்டு மூன்று பட்டைக்கு ஒரு முறை துணியை அலசுங்கள்.

5. பட்டைகளை மறு பக்கம் சாய்த்து இதையே செய்யுங்கள். நிஜ மரமானால் உடனே உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.

6. ஜன்னல் திண்டையும் தரையையும் துடைத்து முடித்து, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து நோயாளி உள்ளே வரலாம்.

போர்வெல் உப்புத் தண்ணீர் பட்டையில் வெள்ளைத் திட்டு விடும். நல்ல தண்ணீராகப் பாருங்கள். வினிகர், அம்மோனியா கலந்த கண்ணாடி திரவம், ஸ்பிரிட் எதுவும் வார்னிஷ் போட்ட மரத்துக்கு ஆகாது. சமையலறை பி.வி.சி. பட்டையில் எண்ணெய்ப் பிசுக்கா? பூந்திக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து, காலையில் கசக்கி வடிகட்டிய நுரை நீரில் துடையுங்கள். கண்ணில் மட்டும் தெறிக்க விடாதீர்கள், எரியும்.

பருவத்துக்கு ஏற்ற கவனமும் வேண்டும். கூதிர் காலம் என்று நாம் சொல்கிற ஐப்பசி, கார்த்திகையில் மழை அடிக்கும்போது மர பிளைண்டை மேலே தூக்கிவிடுங்கள். பட்டையில் பச்சையாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிந்தால் அது பூசணம். மாஸ்க் போட்டுக்கொண்டு, லேசான சோப்புத் துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் நன்றாக உலர விடுங்கள். துடைக்கத் துடைக்க மறுபடி வந்தால், குற்றவாளி பிளைண்ட் இல்லை. சுவரில் எங்கோ நீர்க்கசிவு இருக்கிறது. அதைச் சரி செய்யுங்கள்.

எப்போது திறப்பது, எப்போது மூடுவது?

பிளைண்ட் வாங்கிய வீடுகளில் நான் பார்க்கிற பெரிய கோளாறு, பகல் முழுவதும் மூடியே கிடப்பது. 'எதிர் பிளாட்டில் இருந்து பார்ப்பாங்க' என்று மூடி வைத்துவிட்டு, பகலில் ட்யூப்லைட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் அந்த அரையிருட்டில் பகலெல்லாம் கண்ணயர்ந்துவிட்டு, ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருப்பார்கள். பிறகு தூக்க மாத்திரை!

பகலுறக்கம் வேண்டாம் என்று தேரையர் தம் நோயணுகா விதியில் விலக்கி வைத்திருக்கிறார். நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. வெளிச்சம்தான் அதற்குச் சாவி கொடுக்கிறது என்பது இன்றைய விஞ்ஞானம். அந்தக் கடிகாரம் உயிரணுக்களுக்குள் எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் கடிகாரம் சரியாக ஓடும். ராத்திரி தெருவிளக்கு வெளிச்சம் கண்ணில் அடித்தால் தூக்கத்துக்கான மெலட்டோனின் சுரப்பு குறையும். கிழக்கு ஜன்னலை அடைக்காதீர்கள் என்று சொன்னது இதற்குத்தான்.

ஆகவே விடிந்ததும் பிளைண்டை முழுசாகத் தூக்கி, ஜன்னலையும் திறங்கள். வெயில் ஏறியதும் இறக்கி, வெளியே இருக்கும் விளிம்பு கீழே, உள்ளே இருக்கும் விளிம்பு மேலே என்று பட்டையைச் சாய்த்து வையுங்கள். நேர் வெயில் தடைப்படும். எதிர் பிளாட்டின் கீழ்த்தளங்களில் இருந்து பார்த்தாலும் உங்கள் வீட்டு உத்தரம்தான் தெரியும். சாயங்காலம் மறுபடி திறங்கள். ராத்திரி படுக்கும்போது மூடுங்கள். இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அவர்கள் பகலில் இருட்டாக்கிக்கொண்டு தூங்கட்டும்.

மூடிய கண்ணாடி ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்தால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். கிடைக்காது. அதற்குத் தேவையான புற ஊதா-பி கதிரைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும். உடம்பில் நேரடியாக வெயில் பட வேண்டும்.

வெட்டிவேர், வேப்பெண்ணெய், சாம்பிராணி...

"இயற்கையா ஏதாவது சொல்லுங்க" என்று கேட்பவர்களுக்குச் சில வார்த்தைகள்.

வெட்டிவேர்த் தட்டி: குளிர்ச்சிக்கும் மணத்துக்கும் அதற்கு நிகர் இல்லை. வேலூர், மதுரை, திருச்சி போன்ற வறண்ட வெயில் ஊர்களில் தண்ணீர் தெளித்தால் நன்றாகக் குளிரும். சென்னை போன்ற ஈரக்காற்று ஊரில் பலன் குறைவு. தினமும் முழுசாக உலர விட வேண்டும். அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்க விட்டால் ஏடிஸ் கொசுவுக்கு நீங்களே தொட்டில் கட்டுகிறீர்கள்!

வேப்பெண்ணெய்: மரப்பட்டையில் பூசினால் பூச்சி வராது என்று சிலர் தடவுகிறார்கள். பிசுக்கில் தூசு ஒட்டி, துடைக்கவே முடியாமல் போகும். வேண்டாம்.

மூங்கில் தட்டியில் இருந்து மாவு மாதிரி தூள் கொட்டினால் உள்ளே வண்டு துளைக்கிறது என்று அர்த்தம். வாங்கும்போதே வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைத்துப் பதம் செய்த மூங்கிலா என்று கேளுங்கள். வெண்காரம் எங்கள் மருந்துச் சரக்குதான். ஆனால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் நீங்களே கரைத்து ஊற்றும் வேலை வேண்டாம்.

சாம்பிராணி: பிளைண்ட் இடுக்கில் கொசு போகட்டும் என்று புகை போடுகிறார்கள். இரைப்பு நோயாளி இருக்கும் வீட்டில் எந்தப் புகையும் ஆகாது. சித்த மருத்துவன் நானே சொல்கிறேன், நிறுத்திவிடுங்கள். கொசுவலை போதும்.

பழசானால் என்ன செய்வது?

போகி அன்று எரிப்பதா? பி.வி.சி. பட்டையை எரித்தால் அமில வாயுவோடு டையாக்சின் என்ற நச்சும் காற்றில் கலக்கும். பெயின்ட் அடித்த மரப்பட்டையும் எரிக்கக் கூடியதல்ல. பழைய பொருள் எடுப்பவரிடம் கொடுங்கள். அன்று விடியற்காலையில் தெருவில் புகை மூட்டமாக இருக்கும். அந்த ஒரு நாள் மட்டும் ஜன்னலை மூடி வைத்து, புகை அடங்கிய பிறகு திறந்து, பட்டைகளை ஒரு முறை துடைத்துவிடுங்கள்.

பணம் கொடுக்கும் முன்...

* ஜன்னலில் சாரல் அடிக்குமா? அடித்தால் நிஜ மரம் வேண்டாம்.
* குழந்தை இருக்கிறதா? கயிறில்லாத ரகம், ஈயம் சேர்க்காத ரகம்.
* கதவும் கொசுவலையும் தடையின்றித் திறக்குமா?
* தினமும் தூக்கப்போகிறவரின் கைக்கு எடை சரிப்படுமா? கடையிலேயே தூக்கிப் பாருங்கள்.
* பெட்டியைப் பிரித்ததும் மருந்து வாடையோ வார்னிஷ் வாடையோ அடிக்கிறதா? ஆள் படுக்காத அறையில் ஜன்னலைத் திறந்து வைத்து, வாடை போகும் வரை விரித்து வையுங்கள்.
* வாரம் கால் மணி நேரம் துடைக்கப்போவது யார்? அவர் பெயரை இப்போதே முடிவு செய்யுங்கள். எல்லா வீட்டிலும் அது அம்மாவாகவே இருக்க வேண்டும் என்று எந்த வைத்திய நூலிலும் எழுதவில்லை!

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டதா? நிஜ மரமோ போலி மரமோ, மனசுக்குப் பிடித்த நிறத்தில் தாராளமாக மாட்டுங்கள். நாளைக் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதை மேலே தூக்குங்கள். உள்ளே வருகிற அந்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் எந்த மருந்துக் கடையிலும் விலை போட முடியாது.